சாட்ஸ்வொர்த்தில் பழைய சின்ன வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? காகிதம் முதலில், கரணை பிறகு

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சரிவான தெரு ஒன்றில் ஒரு பாதி வீட்டை நானும் மனைவியும் வாங்கினோம். இரண்டு குடும்பங்கள் ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடு அது. இங்கே செமி என்பார்கள். இரண்டு படுக்கை அறை, ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னால் யாரோ எப்போதோ சேர்த்துக் கட்டிய ஒரு அறை. நான்கு மாதத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலைக்குப் பதினான்கு மாதம் ஆனது. வீணாய்ப் போன மாதங்களில் கொத்தனாரால் போனவை குறைவுதான். எந்தத் தாள் எப்போது வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லாததால் போனவையே அதிகம். நம் நாட்டிலிருந்து புதிதாக வந்து இங்கே பழைய வீடு வாங்குகிறவர்கள் அந்த மாதங்களை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ராண்டில் சொல்லும் செலவெல்லாம் ஏறத்தாழ 55 சதுர மீட்டர் உள்ள எங்கள் வீட்டுக் கணக்கு. உங்களுடையது கூடும், குறையும்.

1. சுத்தியலைத் தொடுவதற்கு முன் மூன்று தாள்கள்

முதலில் பத்திரத்தின் நகல். டர்பன் இருக்கும் குவாஸூலு-நாட்டால் மாகாண வீடுகளுக்கான பத்திரப் பதிவு அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் மூலப் பத்திரம் வங்கியிடம் இருக்கும், நகல் போதும். அதில் மனையின் மேல் விதித்திருக்கும் நிபந்தனைகளையும், வேறு யாருக்காவது வழி உரிமையோ குழாய் உரிமையோ இருக்கிறதா என்பதையும் நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாவது, சர்வேயர் ஜெனரலின் மனை வரைபடம். எல்லோரும் எஸ்ஜி டயக்ராம் என்றுதான் சொல்வார்கள். மனை எண் தெரிந்தால் இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: நகராட்சி கடைசியாக ஒப்புதல் தந்த கட்டட பிளான். டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சியின் கட்டடப் பிரிவில், நீங்கள்தான் உரிமையாளர் என்று காட்ட அடையாளச் சான்றையும் வரிச் சீட்டையும் கொடுத்து நகல் கேளுங்கள். கூடவே கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்ற வரைபடத்தையும் கேளுங்கள். இந்தப் பகுதியில் தெருவோடு போகாமல் வீடுகளின் கொல்லைப்புறம் வழியாகவே கழிவுநீர்க் குழாய் போகும் மனைகள் உண்டு. குழாயின் மேல் கட்ட அனுமதி இல்லை.

பிளான் கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சுவரையும் அளந்து தாளோடு ஒப்பிடுங்கள். நாங்கள் அளந்தபோது பின் அறை பிளானிலேயே இல்லை. பக்கவாட்டில் போட்டிருந்த தகரச் சாய்ப்பும் இல்லை. விற்றவரிடம் கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற ஒரு சொல் இருந்தது. 'உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்' என்று அர்த்தம். குறை தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் விற்றவரைப் பிடிக்க முடியும். அதற்கு வக்கீல், பணம், காலம் எல்லாம் வேண்டும்.

இன்னும் வீடு வாங்காதவர்கள் இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள்: வாங்குவதற்கு முன்பே ஒப்புதல் பெற்ற பிளானை விற்பவரிடம் கேளுங்கள். அது கிடைத்த பிறகுதான் கையெழுத்து என்று எழுத்திலேயே நிபந்தனை போடுங்கள்.

2. வீட்டுக்கு வயது 60 ஆகிவிட்டதா?

இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபுரிமைச் சட்டப்படி, 60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ மரபுரிமை அமைப்பின் அனுமதி வேண்டும். நம் மாகாணத்தில் அது குவாஸூலு-நாட்டால் அமாஃபா மற்றும் ஆய்வு நிறுவனம். சுருக்கமாக அமாஃபா.

மரபுரிமை என்றதும் கோயில், பழைய பங்களா என்றுதான் நினைத்தோம். சட்டம் வயதைத்தான் பார்க்கிறது, அழகைப் பார்ப்பதில்லை. சாட்ஸ்வொர்த்தில் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியது 1964-இல். அன்று கட்டிய வீடுகள் இப்போதுதான் 60-ஐத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. பத்து வருடத்துக்கு முன் வீட்டைப் புதுப்பித்த பக்கத்துத் தெரு நண்பர் "அதெல்லாம் தேவையில்லை" என்றால், அவர் காலத்தில் அது உண்மை. உங்களுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பழைய பிளானில் ஒப்புதல் முத்திரையின் தேதி இருக்கும், அதிலிருந்து கணக்கிடுங்கள். தாண்டியிருந்தால் வீட்டின் நான்கு பக்கப் புகைப்படம், பழைய பிளான், புதிய பிளான் மூன்றையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். பிளான் வரைபவரே இதையும் செய்து தருவார். முதல் நாளே கேட்டுவிடுங்கள், பிளான் போட்ட பிறகு ஞாபகம் வந்தால் காலம் வீண்.

3. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்

எங்கள் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆயா இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் வரும்போது நன்றாக வரும். கூரையை மாற்றப் போகிறோம் என்று சொல்லப் போன அன்று, டீயை என் கையில் கொடுத்துவிட்டு மேலே காட்டினார். "வீடு ரெண்டுதான் தம்பி. கூர ஒண்ணு. நீ தட்டினா என் பாத்திரத்துல தூசி விழும்."

அவர் சொன்னது முழு உண்மை. எங்கள் வரிசையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் நடுச்சுவரைத் தாண்டி அடுத்த பாதிக்குள் போயிருந்தன. எங்கள் பாதியை மட்டும் பிரித்தால் ஒரு வரிசைத் தகட்டை நடுவில் அறுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸை அறுக்கவே கூடாது. கடைசியில் ஆயாவின் மகனோடு உட்கார்ந்து பேசி, இரண்டு பாதிக்கும் சேர்த்தே பிரித்துச் செலவைச் சரிபாதியாகப் போட்டுக்கொண்டோம். யார் எவ்வளவு, எந்தத் தேதியில், சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டோம். எல்லைக்கோட்டை நெருங்கி எதையாவது கட்டுவதானால் நகராட்சியும் பக்கத்து வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்கும். எனவே முதலில் போய் டீ குடியுங்கள், சட்டத்தைப் பிறகு பேசலாம்.

4. எதற்கு பிளான் வேண்டும், எதற்கு வேண்டாம்

1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டடச் சட்டம்தான் அடிப்படை. நகராட்சியின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் கட்டவோ நீட்டவோ கூடாது.

பெயின்ட், டைல்ஸ், சமையலறை அலமாரி, பழைய தொட்டியை எடுத்துப் புதுத் தொட்டி வைப்பது போன்றவற்றுக்கு பிளான் தேவையில்லை. அதற்கு மேலே 'மைனர் வொர்க்' என்று ஒரு நடுத்தட்டு உண்டு. 10 சதுர மீட்டருக்கு மேற்படாத கருவி அறை, 40 சதுர மீட்டருக்கு மேற்படாத திறந்த கார்போர்ட், 1.8 மீட்டருக்கு மேல் உயராத மதில், அகலத்தைக் கூட்டாமல் கதவை ஜன்னலாக்குவது, பாரம் தாங்காத உள்சுவரை எடுப்பது, அதே வகைப் பொருளால் கூரை மாற்றுவது எல்லாம் இதில் வரும். இவற்றுக்கு முழு பிளான் வேண்டியதில்லை, ஆனால் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "மைனர்தானே" என்று கொத்தனார் சொன்னால், அனுமதி வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆஸ்பெஸ்டாஸை எடுத்து இரும்புத் தகடு போடுவது 'அதே வகைப் பொருள்' ஆகுமா என்பதையும் அந்த அதிகாரியிடமே கேளுங்கள்.

அறை சேர்ப்பது, வராண்டாவை மூடி அறையாக்குவது, பாரம் தாங்கும் சுவரில் வாசல் வெட்டுவது, ஏற்கெனவே அனுமதியின்றி நிற்கும் பின் அறையைச் சட்டப்படி ஆக்குவது எல்லாவற்றுக்கும் பிளான் கட்டாயம்.

அனுமதி இல்லாமல் கட்டினால் சட்டத்தில் நாளுக்கு 100 ராண்டு வரை அபராதம் என்று இருக்கிறது. "நூறு ராண்டுதானே" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். ஆனால் அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில், நீதிமன்ற உத்தரவோடு இடிக்கவைக்க வழி இருக்கிறது. விற்கும்போது வாங்குகிறவரின் வங்கி பிளான் கேட்கலாம். இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனமும் கேட்கலாம். உண்மையான அபராதம் அங்கேதான் இருக்கிறது.

5. பிளான் வரைபவரும் சமர்ப்பிப்பதும்

பிளானை யார் வேண்டுமானாலும் வரைந்து சமர்ப்பிக்க முடியாது. கட்டடக்கலைத் தொழில் கவுன்சிலான எஸ்ஏசிஏபியில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர்களுக்குள் நான்கு நிலை உண்டு. நம்முடையது போன்ற சின்ன வீட்டுக்குப் பதிவு பெற்ற டிராஃப்ட்ஸ்பர்சன் போதும், ஆர்க்கிடெக்ட் தேவையில்லை. பதிவு எண்ணை வாங்கி, இன்றும் செல்லுபடியாகிறதா என்று கவுன்சிலில் சரிபாருங்கள்.

பழைய பின் அறையையும் சேர்த்து அளந்து வரைய எங்களுக்கு 16,500 ராண்டு ஆனது. நகராட்சிக் கட்டணம் தனி. அது பரப்பளவைப் பொறுத்து வரும், ஒவ்வொரு ஜூலையிலும் புது நிதியாண்டில் மாறும். பாரம் தாங்கும் சுவரைத் தொட்டால் பொறியாளர் கையெழுத்தும் தேவைப்படும். சரிவான மனையில் மண்ணைத் தாங்கும் சுவர் இருந்தால், கேட்காவிட்டாலும் அதை ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த ஊரின் சரிவுகள் எப்படிப் போயின என்று இங்குள்ளவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் எல்லாத் தாளும் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு ஓடும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் திரும்பிவிடும். எங்களுடையது இரண்டு முறை திரும்பியது. முதல் முறை அமாஃபா தாள் இல்லை, இரண்டாம் முறை மழைநீர் எங்கே வடிகிறது என்று காட்டவில்லை. இன்னொன்று: ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். கையில் பணம் சேர்வதற்கு ரொம்ப முன்னால் பிளான் போடாதீர்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் வங்கிக்கும் எழுதிச் சம்மதம் வாங்குங்கள். அடமான ஒப்பந்தங்களில் இந்த நிபந்தனை வழக்கமாக இருக்கும்.

6. ஆஸ்பெஸ்டாஸ் கூரை

இந்த ஒரு படியில் மட்டும் யாரும் அவசரப்பட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்கு முதலில் வந்த ஒப்பந்தக்காரர், "5,000 ராண்டு கொடுங்கள், சனிக்கிழமை நாலு பேர் வந்து உடைத்து பக்கியில் (சிறு பிக்கப் வண்டி) ஏற்றிக்கொண்டு போய்விடுவோம்" என்றார். எவ்வளவு எளிது என்று காட்ட, கூரையின் ஓரத் தகட்டில் கிரைண்டரை வைத்தார். பத்து விநாடிகூட இருக்காது. சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி எழுந்தது. வெயில் பட்ட இடத்தில் மட்டும்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த குழந்தையின் சட்டைகள் மேல் போய் இறங்கியது. அந்தத் துணிகளை மனைவி தண்ணீரில் நனைத்து, பையில் கட்டி, அப்படியே தூக்கி எறிந்தார். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும்.

2020-இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் ஒழுங்குவிதிகளின்படி, முழுக் கூரையைப் பிரிப்பது தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரின் வேலை. துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் அவர் தொடங்குவார். தகட்டை ஈரப்படுத்தி, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் முழுதாக இறக்கி, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி, அபாயக் கழிவுக்கு அனுமதி பெற்ற குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோவார். கிடங்கு கொடுக்கும் ஒப்படைப்புச் சான்றின் நகலைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பாதிக்கும் சேர்த்து 38,000 ராண்டு ஆனது, எங்கள் பங்கு 19,000.

கூரை உடையாமல் நல்ல நிலையில் இருந்து, இப்போதைக்குப் பணமும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் துளை போடாதீர்கள், உரசித் தேய்க்காதீர்கள், அழுத்தத் தண்ணீரால் கழுவாதீர்கள்.

புதுக்கூரைக்கு ஐபிஆர் என்ற மடிப்பு இரும்புத் தகடு போட்டோம். ஆஸ்பெஸ்டாஸைவிட இது எடை குறைவு, அதனால் காற்று தூக்கிவிடும். கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவருக்குள் பிணைத்திருக்கிறார்களா என்று சீலிங் மூடுவதற்கு முன் நீங்களே ஏறிப் பாருங்கள். கைமரத்தில் வண்டு துளைத்த சிறு ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் அந்தக் கட்டையை மாற்றுங்கள். கடற்கரை ஊரில் இது சகஜம். தகடு, மரம், வெப்பத் தடுப்பு, சீலிங் எல்லாம் சேர்த்து எங்கள் பாதிக்கு 68,000.

7. உள்ளே வேலை: குழாய், கரண்ட், ஓதம்

வரிசை மாறினால் செய்த வேலையை உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டிவரும். கூரை முதலில். அடுத்து ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். பிறகு குழாய், ஒயரிங், அதற்குப் பிறகுதான் பூச்சு. டைல்ஸும் பெயின்ட்டும் கடைசியில்.

சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து பெயின்ட் உரிந்தால், மேலே எந்த பெயின்ட் அடித்தும் பயனில்லை. வெளியே மண் சுவரோடு உயர்ந்து கிடக்கிறதா, கூரைத் தண்ணீர் அடிவாரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பூச்செடிக்காகக் குவித்திருந்த மண்ணை இறக்கியதிலேயே பாதி ஓதம் நின்றது.

பழைய வீடுகளில் உள்ளே துரு அடைத்த இரும்புக் குழாய்கள் இருக்கலாம். கொல்லையில் பெரிய மாமரம் இருந்தால் கழிவுநீர்க் குழாய்க்குள் வேர் போயிருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்ப்பது நல்லது. கீசருக்கு அடியில் தட்டு, அழுத்த வால்வு, வெளியே போகும் குழாய் எல்லாம் இருக்க வேண்டும். பிளம்பர்களைப் பதிவு செய்யும் பிஐஆர்பி அமைப்பில் பதிவு பெற்ற பிளம்பரிடம் செய்தால் சான்றிதழ் தருவார். அது இல்லாமல் கீசர் வெடித்தால் காப்பீட்டுப் பணம் சிக்கலாகும். புதிதாகக் கட்டும் பகுதிக்கு எரிசக்தி விதி, சூடுநீரில் பாதியாவது சாதாரண மின்கம்பிச் சூடாக்கி அல்லாத வழியில் வர வேண்டும் என்கிறது. சோலார் கீசரா ஹீட் பம்பா என்று பிளான் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். கீசரோடு பிளம்பிங்குக்கு 27,000 ஆனது.

கரண்டில் சிக்கனம் வேண்டாம். வீட்டு மின் இணைப்புகள் பிரியும் டிபி போர்டைத் திறந்தால், மின்கசிவில் கரண்டைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இல்லாமலும் இருக்கலாம். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனின் சான்றிதழை சிஓசி என்பார்கள். வீட்டைக் கைமாற்றும்போது இரண்டு வருடத்துக்கு உட்பட்ட சிஓசி வேண்டும். நீங்கள் வாங்கியபோது ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் ஒயரிங்கை மாற்றிய பிறகு அது மாற்றிய பகுதிக்குச் செல்லாது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். இன்வெர்ட்டரோடு சோலார் தகடு போட்டால் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். எங்கள் ஒயரிங்குக்கு 31,000.

வெளி அடுப்பங்கரையில் கேஸ் வைத்துப் பெரிய பானையில் பிரியாணி செய்வது இங்கே வழக்கம். நிலையாக கேஸ் லைன் இழுத்தால் அதற்கும் தனிச் சான்றிதழ் உண்டு.

8. ஒப்பந்தக்காரரும் பணமும்

மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். மூன்றிலும் ஒரே வேலைப் பட்டியல் இருக்கட்டும், இல்லையென்றால் ஒப்பிட முடியாது. 15 சதவீத வாட் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். குப்பை அள்ளும் ஸ்கிப் யார் செலவு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வேலையாட்களுக்கு அடிபட்டால் ஈடு தரும் நிதியில் அவர் பதிவு செய்திருக்கிறாரா? லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங் என்று ஒரு தாள் உண்டு, அதைக் கேளுங்கள். தர முடியாதவரிடம் உங்கள் கூரையில் ஆள் ஏற்றவிடாதீர்கள்.

நாங்கள் மேலே சொன்ன கிரைண்டர்காரருக்கு அறுபது சதவீதம் முன்பணமாகக் கொடுத்திருந்தோம். அவரை நிறுத்தியபோது அந்தப் பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. அடுத்தவருக்கு இருபது சதவீதம் கொடுத்தோம். பிறகு கூரை முடிந்ததும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று என்று கட்டம் கட்டமாகக் கொடுத்து, கடைசி ஐந்து சதவீதத்தை எல்லாச் சான்றிதழும் கைக்கு வரும்வரை வைத்துக்கொண்டோம். பொருட்களைக் கடையில் நாமே பணம் கட்டி எடுத்துக் கொடுத்தால் இன்னும் பத்திரம்.

அஸ்திவாரம் தோண்டியதும் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் நகராட்சி இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும். கழிவுநீர்க் குழாயை மண் போட்டு மூடுவதற்கு முன்னும் அப்படியே. "சனிக்கிழமை ஊற்றிவிடலாம், திங்கள் வந்து பார்க்கட்டும்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூடியதை உடைத்துக் காட்டச் சொன்னால் அந்தச் செலவு உங்களுடையது.

9. எந்த மாதத்தில் எதைச் செய்வது

டர்பனில் மே முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு. கூரையைத் திறக்க அதுதான் காலம். அப்படியானால் பிளானும் அமாஃபா விண்ணப்பமும் முந்தைய ஆண்டு இறுதிக்குள் போயிருக்க வேண்டும். டிசம்பர் நடுவில் கட்டுமானத் தொழிலே விடுமுறைக்குப் போய்விடும், ஜனவரியில்தான் ஆள் திரும்புவார்கள். பாதி திறந்த கூரையோடு டிசம்பர் மழையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நம்மவர்கள் பலர் புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளிக்குள் வெள்ளையடிக்க நினைப்பார்கள். அந்த வாரங்களில் பெயின்டர் கிடைப்பது கடினம். ஆகஸ்ட்டிலேயே சொல்லி வையுங்கள்.

10. முடிந்ததும்

பிளான் போட்டுச் செய்த வேலைக்கு ஆக்குபன்சி சான்றிதழ் வாங்க வேண்டும். எலக்ட்ரிக், பிளம்பிங், பொறியாளர் கையெழுத்து எல்லாம் வைத்து எழுத்தில் விண்ணப்பித்தால், எல்லாம் சரியாக இருக்கும்போது 14 நாளில் தர வேண்டும் என்பது சட்டம். புது அறையில் ஆள் குடியேறுவது அதற்குப் பிறகுதான்.

சான்றிதழ் வந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு நகல் அனுப்பி, கூரை மாறியதையும் வீட்டின் மதிப்பு கூடியதையும் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். நாங்கள் எல்லாத் தாளையும் ஒரே கோப்பில் கோத்து, ஆஸ்பெஸ்டாஸ் ஒப்படைப்புச் சான்றில் மட்டும் இன்னொரு நகல் எடுத்து நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தோம். கூரை இரண்டு பேருக்கும் பொது என்பதால் அந்தத் தாள் அவர்களிடமும் இருக்க வேண்டும். ஆயா அதைச் சாமி விளக்குக்குப் பக்கத்தில், வரிச் சீட்டுகள் இருந்த பிஸ்கட் டப்பாவில் வைத்தார்.